துணைப்படகு யாருக்காக?



இலக்கணம், கட்டுரை, வாய்மொழித் தேர்வு என்று வழக்கமாக எழுதிவரும் நான், இம்முறை படகு வாங்கிய கதை ஒன்றைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். வகுப்பறைக்கும் படகுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். சற்றுப் பொறுமையுடன் படியுங்கள்.

சென்ற ஆண்டு என் தங்கையின் கணவர் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். நீளம் 26 அடி. உள்ளே நால்வர் படுத்துறங்கலாம். சிறிய அடுப்பும் உண்டு. சாங்கிக் கரைக்கு அப்பால், புலாவ் உபின் தீவை நோக்கிய நீரில், மிதவை ஒன்றில் அதைக் கட்டி வைத்திருக்கிறார். கரைக்கும் படகுக்கும் இடையே ஏறத்தாழ 200 மீட்டர் தொலைவு. அந்த 200 மீட்டரைக் கடப்பதற்குத்தான் துணைப்படகு வேண்டும். ஆங்கிலத்தில் இதை டிங்கி என்பர். அச்சொல் இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றது என்பதை அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நம் 'கட்டுமரம்' ஆங்கிலம் சென்ற கதையைத்தான் நாம் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்கிறோமே!

பெரிய படகை அவர் இரண்டே வாரங்களில் வாங்கிவிட்டார். இந்தச் சிறு படகைத் தேர்ந்தெடுக்க நான்கு மாதங்கள் ஆயின.

துணைப்படகு என்பது சிறிய செய்தியன்று. கரையை அணுக இயலாத பெரிய கப்பலுக்கும் நிலத்துக்கும் இடையே எப்போதும் ஒரு சிறு படகு தேவைப்பட்டிருக்கிறது. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளையும் சரக்குகளையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகளை ஆணியால் அறையாமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது அவை வளைந்து கொடுத்தன. நம் சிங்கப்பூர் ஆற்றிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சரக்குத் தோணிகளைச் செலுத்தியவர்களுள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் பலர். பின்னர் அத்தொழில் சீனர்கள் கைக்கு மாறியது. 1983இல் தோணிகள் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. தேருக்கும் நாவாய்க்கும் உரிய இடங்களைப் பேசும் 496ஆம் குறளை நடத்தும்போதெல்லாம் இத்தோணிகள் என் நினைவுக்கு வரும். அக்குறள் இருப்பது 'இடனறிதல்' அதிகாரத்தில். துணைப்படகைத் தேர்ந்தெடுப்பதும் ஒருவகை இடனறிதல்தான்.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரு வகை. முதலாவது, காற்றடைத்த ரப்பர்ப் படகு. எளிதில் கவிழாது, நிறைய எடை தாங்கும், காற்றை இறக்கிச் சுருட்டி உள்ளே வைத்துவிடலாம், பெரிய படகின் மேல் உராய்ந்தாலும் கீறல் விழாது. ஆனால் துடுப்பிட்டுச் செலுத்துவது கடினம். நீரில் ஆழ அமராமல் மேலே மிதப்பதால், காற்று அதைத் தன் விருப்பப்படி தள்ளும். ஆகவே இயந்திரம் பொருத்த நேரும். நம் ஊர் வெயிலில் மலிவான பிவிசி வகையின் ஒட்டுகள் விரைவில் விட்டுப்போகும். ஹைப்பலான் வகை நீடித்து உழைக்கும், விலையும் அதிகம். படகுத்துறைக் கால்களில் படிந்திருக்கும் சிப்பிகள் இரண்டு வகையையும் கிழித்துவிடும்.

இரண்டாவது, கண்ணாடியிழையாலோ ஒட்டுப்பலகையாலோ செய்த கெட்டியான படகு. துடுப்புக்கு நன்றாகப் பணியும், பல்லாண்டு உழைக்கும். ஆனால் ஏறும்போது ஆடும். ஓரத்தில் கால் வைத்தால் கவிழ்த்துவிடும்; நடுவில் கால் வைத்து உடனே அமர வேண்டும். 26 அடிப் படகின் தளத்தில் அதை ஏற்றி வைக்க இடமும் போதாது. கயிறு கட்டிப் பின்னால் இழுத்துச் செல்ல வேண்டும். இருக்கைகளுக்கு அடியில் காற்றறையோ நுரையோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது முக்கியம். இருந்தால், நீர் நிறைந்தாலும் படகு மூழ்காது.

தங்கையின் கணவர் ரப்பர்ப் படகையே விரும்பினார். அதற்கு ஒரு சிறு இயந்திரமும் வாங்கத் திட்டமிட்டார். "அக்கா, ஒருநாள் தியோமான் தீவுக்குப் போகும்போது இதுதான் வசதி" என்றார். கவிழாது என்பதால் தங்கைக்கும் அதுவே பிடித்திருந்தது. எனக்குக் கடலைப் பற்றி அதிகம் தெரியாது. ஆசிரியர் என்ற பழக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன்: "இதை யார் ஓட்டப்போகிறார்கள்?"

அவர்களுக்கு ஒரே மகன். தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். "நானும் துடுப்புப் போடட்டுமா?" என்று முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். சிங்கப்பூரில் இயந்திர உல்லாசப் படகைச் செலுத்த உரிமம் வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது கிடைக்காது. ஆகவே, ரப்பர்ப் படகும் இயந்திரமும் வாங்கினால், அவன் எப்போதும் பயணியாகத்தான் அமர்ந்திருப்பான். தந்தை ஓட்டுவார், மகன் கைப்பேசியைப் பார்ப்பான்.

தங்கையின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சாங்கி நீரோட்டம் விளையாட்டன்று. உபினுக்குச் செல்லும் பம்போட்டுகள் எழுப்பும் அலைகளும் உண்டு. தங்கையின் கணவர் குடும்பத்தைக் கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். அங்குச் சிறுவர்கள் ஆப்டிமிஸ்ட் என்னும் குட்டிப் பாய்மரப் படகுகளைத் தனியே செலுத்திக்கொண்டிருந்தனர். அவ்வகையை 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காகவே வடிவமைத்தார். நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், எடை 35 கிலோ. பிள்ளையின் கைக்கும் வலிமைக்கும் ஏற்ப அளந்து செய்த படகு அது. தங்கை நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னர் நண்பர்களிடம் இருவகைப் படகுகளையும் இரவல் வாங்கி, காற்று குறைந்த ஒரு காலையில், நீரோட்டம் அடங்கிய நேரம் பார்த்துக் கரையோரத்தில் சோதித்தோம். உயிர்காப்புச் சட்டை அணிந்து மகன் முதலில் ரப்பர்ப் படகில் ஏறினான். பத்து முறை துடுப்பு வலித்தும் படகு வட்டமடித்தது. மெல்லிய காற்றே அவனைப் பக்கவாட்டில் கொண்டுபோயிற்று. கெட்டிப் படகில் முதலில் தடுமாறினான். ஐந்து நிமிடத்தில் நேர்கோட்டில் சென்றான். அவன் முகத்தில் அன்று கண்ட தெளிவை நான் எந்தத் தேர்வு முடிவு நாளிலும் கண்டதில்லை.

தியோமான் கனவைப் பற்றியும் பேசினோம். அவர்கள் உண்மையில் செல்லும் பயணம் சாங்கியிலிருந்து உபின்வரைதான். அவ்வளவு தொலைவுக்குப் படகைக் கயிற்றில் இழுத்துச் செல்வது தொல்லையன்று. மேலும், கெட்டிப் படகின் அருமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1972 ஜூன் 15 அன்று பசிபிக் பெருங்கடலில் ராபர்ட்சன் குடும்பத்தினரின் பாய்மரக் கப்பலைத் திமிங்கிலங்கள் மோதி மூழ்கடித்தன. காற்றடைத்த உயிர்காப்பு மிதவை இரண்டு வாரங்களுக்குச் சற்று மேல் தாங்கியது. அதன்பின் சிறுவர்கள் உட்பட ஆறு பேரும் ஒன்பது அடித் துணைப்படகில் உயிர்பிழைத்திருந்தனர். 38ஆம் நாள் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று அவர்களைக் காப்பாற்றியது. இக்கதையைக் கேட்டதும் தங்கையின் கணவர் சிரித்துவிட்டு, எட்டடி நீளக் கண்ணாடியிழைப் படகையே வாங்கினார்.

முதல் சில வாரங்கள் படகின் முன்வளையத்தில் நீண்ட கயிறு ஒன்றைக் கட்டி, அதன் மறுமுனையைத் தந்தை கரையில் பிடித்துக்கொண்டார். முதலில் பத்து மீட்டர், பிறகு முப்பது. ஒருநாள் கயிற்றை அவிழ்த்தார். தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற நாளில் 'சாரம் அமைத்தல்' என்று படித்தேன். கட்டடம் எழும்பும்வரை சாரம் நிற்கும், எழும்பியதும் பிரித்துவிடுவார்கள். அன்று ஏட்டில் படித்ததைச் சாங்கியில் கண்ணால் கண்டேன்.

தென்மேற்குப் பருவக் காலத்தில் ஒரு காலை, எல்லாரும் புறப்படத் தயாராக நின்றோம். மகன் மேற்கு வானில் திரண்டிருந்த கருமேகத்தைக் காட்டி, "அப்பா, இப்போது வேண்டாம். சுமத்ரா காற்று வருது போல" என்றான். காத்திருந்தோம். ஒரு மணி நேரத்திற்குள் மழையும் காற்றும் கடலை வெளுக்க அடித்தன. அவன் பயணியாக இருந்திருந்தால் வானத்தை நிமிர்ந்து பார்த்திருப்பானா? துடுப்பு கையில் இருந்ததால் பார்த்தான்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் நான் பிள்ளையைப் பார்த்து, "விடுமுறையில் எங்குச் சென்றாய்?" என்று தமிழில் கேட்பேன். பிள்ளை வாய் திறப்பதற்குள், "மலாக்காவுக்குப் போனோம் டீச்சர்" என்று அம்மாவோ அப்பாவோ விடை சொல்லிவிடுவார். பிள்ளை தவறாகப் பேசிவிடக் கூடாதே என்ற அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லர். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று நொடியாக நீட்டினாலே மாணவர்களின் விடைகள் நீண்டன, பேசாதிருந்தவர்களும் பேசினர்.

பிள்ளையின் தமிழ் முதலில் வட்டமடிக்கும். சொல் தேடித் தடுமாறும். அருகில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வோம். துடுப்பை மட்டும் நாம் வாங்கிக்கொள்ள வேண்டா.

அடுத்த சந்திப்பில் உங்கள் பிள்ளையிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். விடையைப் பிள்ளையே சொல்லட்டும். எத்தனை நொடி ஆனாலும் நான் காத்திருக்கிறேன்; நீங்களும் என்னுடன் காத்திருங்கள்.