"நன்று" என்ற சொல்

"நன்று" என்ற பாராட்டு ஒருவரது உயர்வுக்குத் தடையாகுமா? ஆனதுண்டு. எல்லைச் சாலைப் பொறியியல் பணியிலிருந்த செயற்பொறியாளர் ஒருவரைப் பற்றி, 1993-94ஆம் ஆண்டின் இரகசியக் குறிப்பில் மேலதிகாரி "நன்று" என எழுதினார். பதவி உயர்வுக்கோ "மிக நன்று" தேவைப்பட்டது. பாதகமான குறிப்புகளை மட்டுமே தெரிவிப்பது அந்நாளைய வழக்கமாதலால், அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை, உயர்வும் கிட்டவில்லை.

தேவ் தத் வழக்கு எனப்படும் இதில் உச்ச நீதிமன்றம் 2008 மே மாதம் தீர்ப்பளித்தது. நல்லதோ தீயதோ, எழுதப்படும் ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். 2009இல் மத்திய அரசு, முழு அறிக்கையையும் ஊழியருக்கு அளிக்கவும், அவர் முறையிட 15 நாள் அவகாசம் தரவும் ஆணையிட்டது.

என்னிடம் மனம் நொந்து பேசும் உத்தியோகஸ்தர் பலர், உயர்வு கிடைக்காததைவிட, காரணத்தை ஒருவரும் சொல்லவில்லையே என்றே வருந்துகின்றனர். ஆகவே, பிறர் வேலையை மதிப்பிடும் பொறுப்பிலுள்ளோரே, குறைகளை ஆண்டிறுதிவரை சேர்த்து வைக்காதீர்கள். அவ்வப்போது தனியே அழைத்துச் சொல்லுங்கள். திருத்திக்கொள்ள நாள் கொடுங்கள். நிறைவு கண்டால் அதையும் வாய்திறந்து கூறுங்கள்.

ஊழியர்களே, ஆண்டு முழுவதும் செய்த பணியைத் தேதியோடு குறித்து வையுங்கள். அறிக்கை கைக்கு வந்தால் முழுவதும் படியுங்கள். உடன்பாடில்லையெனில் பணிவோடு, குறித்த நாளுக்குள் எழுதுங்கள். தன் குறையை அறியாதவன் அதைத் திருத்திக்கொள்வது எங்ஙனம்?