கப்பல் நூலகத்தில் ஒரு பகல்

ஒக்லாந்து துறைமுகத்தின் ஹொப்சன் துறையில் 1993ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நியூசிலாந்துக் கடல்சார் அரும்பொருளகத்தை நம்மவரிற் பலர் வெளியே நின்று பார்த்திருப்பர். அதனுள்ளே, கப்பல் வரலாற்றாசிரியர் பில் லக்சனின் பெயர் தாங்கிய நூலகமொன்று இருப்பதை அறிந்தோர் சிலரே. சென்ற பாடசாலை விடுமுறையில் பிள்ளைகள் ஒன்பது பேருடனும் முதியோர் நால்வருடனும் நாம் அங்கு சென்றுவந்தோம். (செல்ல விரும்புவோர் நூலகத்தாருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் செல்வது நன்று.)

நூல் நிறைந்த அறைக்குள் நுழையுந்தோறும் எமக்கு யாழ்ப்பாணப் பொது நூலகமே நினைவில் எழும். தந்தையாரின் கைபிடித்து நாம் அங்கு சென்றது சிறுபிராயத்தில். 1981இல் அது எரியுண்டபோது அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பர். அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகளும் இருந்தன.

கப்பல் நூலகங்களை நாடி வருவோரிற் பலர் தம் முன்னோர் எக்கப்பலில், எந்நாளில் வந்திறங்கினர் என்று தேடுவோரே. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் குடியேறியோர் பயணஞ்செய்த கீழ்த்தள அறையின் மாதிரியொன்று அரும்பொருளகத்தில் உண்டு. அது கடலில் ஆடுவதுபோலவே ஆடும். பிள்ளைகள் சிரித்தனர், முதியோர் ஒருவர் மட்டும் உள்ளே வர மறுத்துவிட்டார். மன்னார்க் கரையிலிருந்து இராமேசுவரத்திற்கு இரவில் வள்ளமேறியவர் அவர்.

"அம்மம்மா வந்த வள்ளத்துக்கும் இப்பிடிப் பெயர்ப் பட்டியல் இருக்கோ, ரீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். இல்லையென்றோம். 1944இல் வெலிங்டனில் வந்திறங்கிய போலந்து அகதிச் சிறுவர் 733 பேர் என்று இன்றும் தொகை சொல்ல முடிகிறது. நம் வள்ளங்களில் ஏறியோர் எத்தனை பேர், கரை சேர்ந்தோர் எத்தனை பேர் என்று யார் சொல்வார்? சொல்லக்கூடியோர் நம் வீடுகளில் முதுமையடைந்து வருகின்றனர். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பியில் புறப்பட்ட ஊர், நாள், உடன் வந்தோர் பெயர், வழியில் தங்கிய முகாம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம்.

மதிய உணவின் பின் கீ வீதிவழியே நடந்து, 1912இல் கட்டிமுடிக்கப்பட்ட படகுத்துறைக் கட்டடத்தைக் கண்டோம். நாம் நடந்த நிலமெல்லாம் ஒருகாலத்திற் கடல். பழைய கரை உள்ளே போர்ட் வீதியோரமாக இருந்தது. மலைமுனையொன்றையே வெட்டிச் சரித்துக் கடலை நிரப்பியிருக்கின்றனர். அப்பால் உள்ள மார்ஸ்டன் துறையிலேதான் 1985 யூலை 10ஆந் திகதி 'ரெயின்போ வாரியர்' கப்பல் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு, புகைப்படக்காரர் ஒருவர் உயிரிழந்தார்.

டெவன்போர்ட் செல்லும் படகில் வல்வெட்டித்துறைப் பெரியவர் பேசத் தொடங்கினார். தம்மூரிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை பாயோட்டிச் சென்ற கதை அது. பிள்ளைகள் நம்ப மறுத்தனர். அப்போது நாம் தமிழ் மணியைப் பற்றிக் கூறினோம். 1836 அளவில் வங்காரே அருகே மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவிக்கும் பாத்திரமாக வைத்திருந்த உடைந்த வெண்கல மணியொன்றைப் பாதிரியார் வில்லியம் கொலென்சோ கண்டெடுத்தார். முகையதீன் வக்குசு என்பவரது கப்பலின் மணி என அதன் விளிம்பிலே தமிழிற் பொறித்திருக்கிறது. எவ்வாறு இங்கு வந்ததென்பது இன்றும் புதிரே.

உடனே அதைக் காண வேண்டுமென்றனர். அது வெலிங்டனில் தெ பாப்பா அரும்பொருளகத்திடம் உள்ளது; பஸ்ஸில் ஒரு முழுநாட் பயணம். செலவுக் கணக்கைப் பெற்றோர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.