எரிமலை ஊரில் 'போய்' என்றால்...

ஆன்டிகுவா என்றதும் விவியன் ரிச்சர்ட்ஸ் ஞாபகம் வருகிறதா? இது அந்தத் தீவு இல்லை. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் இருக்கும் ஊர். 1773 நிலநடுக்கத்தில் இடிந்த தேவாலயங்கள், கல் பாவிய தெருக்கள், தெற்கே அகுவா எரிமலை.

இங்கே பலர் வருவது ஸ்பானிஷ் படிக்க. முற்றத்தில் ஒரு மேஜை, ஓர் ஆசிரியர், ஒரே ஒரு மாணவர்.

ஆரம்பத்திலேயே வினைச்சொற்கள் படுத்தி எடுக்கும். 'இர்' என்றால் போவது. ஆனால், 'நான் போகிறேன்' என்பதற்கு 'போய்'! (தமிழ்க் காதுக்கு இது போனஸ்.) முடிவதற்கு 'போதேர்'. 'என்னால் முடியும்' எனும்போது அது 'புவேதோ' என நெளியும். 'நம்மால் முடியும்' என்றால் 'போதேமோஸ்' என நேராகிவிடும். 'உன்னால் முடியும்' என்பது பாடத்தில் 'புவேதெஸ்'.

கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்துவிட்டு, தங்கியிருக்கும் வீட்டுக்குத் திரும்பினால், அங்கே இளசுகள் ஒருவருக்கொருவர் சொல்வது 'போதேஸ்'. தப்பில்லை. நெருங்கியவர்களை 'போஸ்' என்று அழைப்பது குவாத்தமாலா வழக்கம். அதோடு வந்தால் இந்த வினைச்சொல் நெளியாது. இது தெரியாவிட்டால் சாப்பாட்டு மேஜையில் பாதிப் பேச்சு புரியாது.

வீட்டுப் பெரியவரிடம் மட்டும் மரியாதையாக 'உஸ்தெத்'. அங்கே மறுபடியும் நெளிவுதான்... 'புவேதே'!