கோச்சிப் பெட்டியின் நிறமும் படியும்

மன்னார் புகையிரத நிலையத்தில் நாங்கள் ஐந்து பெண்கள் நின்றிருந்தோம். 2018ஆம் ஆண்டு, ஆனி மாதம். சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. மகளிர் குழுவின் சிறுசேமிப்பில் மிஞ்சிய காசில் எங்கே போகலாம் என்று கேட்டபோது மடு, திருக்கேதீஸ்வரம் என்றுதான் சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். "பியர் வரைக்கும் கோச்சியில போவம் மிஸ்" என்றார்கள் நால்வரும்.

இந்தப் பாதைக்கு ஒரு நூற்றாண்டு வயது. 1914இல் தலைமன்னார் வரை தண்டவாளம் வந்தது. அதே ஆண்டில் அக்கரையில் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. 1990இல் போர் காரணமாகப் புகையிரதமும் நின்றுபோனது. இந்தியாவின் இர்கொன் நிறுவனம் மீண்டும் அமைத்த பாதையில் 2013இல் மடு வீதி வரையும், 2015 மார்ச் 14இல் தலைமன்னார் பியர் வரையும் சேவை தொடங்கியது. மதவாச்சியிலிருந்து பியர் வரை 106 கிலோமீற்றர்.

எங்கள் ஐவருக்குள்ளேயே இந்தக் கதையின் பெரும்பகுதி இருந்தது. ஆச்சி சிறுமியாக இருந்தபோது இந்தக் கோச்சியில் வந்து கப்பல் ஏறியவர். முஸ்லிம் சகோதரி 1990 ஒக்ரோபரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து திரும்பியவர். மூன்றாமவர் 2009இல் ஒரு காலை இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து வந்தவர். இதே பாதையில் செட்டிகுளம் என்றொரு நிலையம் உண்டு. அவருக்கு அது முகாமின் பெயர் மட்டுமே. நான்காமவர் பேசாலையில் கருவாடு போடுபவர், கணவரை இழந்தவர்.

செந்நிறமும் பழுப்பும் கலந்த பெட்டிகள் வந்து நின்றன. செயற்கைக் கால் அணிந்த தங்கை கைபிடியைப் பற்றி, நல்ல காலை முதலில் படியில் வைத்து ஏறினார். "ஏறேக்க நல்ல கால் முன்னுக்கு, இறங்கேக்க மற்றக் கால் முன்னுக்கு" என்று எங்களுக்கும் சொல்லித்தந்தார். ஆச்சிக்குக் கண்ணில் படலம். கதவும் சுவரும் ஒரே நிறமாகத் தெரிந்ததால் வாசலைக் கையால் தடவித் தேடினார். உள்ளே அமர்ந்து மூச்சு வாங்கிய பின் தங்கை கேட்டார்: "மிஸ், இதுகளைச் செய்யிறவை ஆரையும் கேட்டுத்தான் செய்யிறவையோ?"

தோட்டவெளிப் பனைகள் யன்னலில் ஓடிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

உலகின் பல நகரங்களில் இலகு ரயில் ஓடுகிறது. மின்சாரத்தில் ஓடும் சிறிய வண்டி. பெரும்பாலும் தெருவின் நடுவிலேயே போகும். பிரான்சில் கிரனோபிள் என்ற நகரம் அப்படியொன்றை அமைக்கத் திட்டமிட்டபோது, அங்குள்ள மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் தாங்களும் அதில் ஏற வேண்டும் என்று விடாமல் கோரின. வண்டியின் வரைபடமே மாற்றப்பட்டது. 1987இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டியின் தளம், வாசல் பகுதியில் தண்டவாளத்திலிருந்து சுமார் 35 சென்ரிமீற்றர் உயரத்திலேயே இருந்தது. சாதாரண புகையிரதப் பெட்டியின் தளமோ ஒரு மீற்றருக்கும் மேலே. இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரம் வேறு வழியைத் தேர்ந்தது. உயரமான வண்டியையே வைத்துக்கொண்டு, நிலைய மேடையை வண்டியின் தளமளவுக்கு உயர்த்தியது. எந்த வழியானாலும் படி இல்லை. சக்கர நாற்காலியும், பிள்ளைத் தள்ளுவண்டியும், மீன் கூடையும் ஒன்றுபோல உள்ளே போகும்.

நிறமும் வெறும் அழகுக்காக அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி, புதிய புகையிரதப் பெட்டிகளின் கதவு, பக்கச் சுவரின் நிறத்திலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும். உள்ளே பிடிக்கும் கம்பிகளும் அப்படியே. ஆச்சியைப் போன்றவர்கள் தடவித் தேடக்கூடாது என்பதற்காகவே இது. மெக்சிக்கோ நகரத்தில் 1969இல் நிலக்கீழ் ரயில் தொடங்கியபோது, ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயருடன் ஒரு படமும் வைத்தார்கள். ஒரு நிலையத்துக்கு வெட்டுக்கிளி. எழுத்துத் தெரியாத தாயும் எண்ணி இறங்கலாம். அக்கரையில் சென்னையிலும் மெற்றோ பாதைகளுக்கு நீலம், பச்சை என நிறமே பெயர்.

"எங்கட நாட்டில இல்லையோ?" என்று முஸ்லிம் சகோதரி கேட்டார். அப்போது கொழும்பில் மாலபே வரை இலகு ரயில் அமைக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. 2019இல் யப்பானுடன் கடன் ஒப்பந்தமும் ஆனது. 2020இல் அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது.

இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்த பேசாலை அக்கா, யன்னலுக்கு வெளியே வளைவில் தெரிந்த சிவந்த பெட்டிகளைப் பார்த்தபடி சொன்னார்: "கோச்சிக்கு என்ன நிறம் அடிக்கிறதெண்டு ஆரோ இருந்து யோசிக்கினம். நான் ஒரு சிவப்புச் சீலை உடுத்தால் ஊரே யோசிக்கும்." ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆச்சி மட்டும் அவரது கையைப் பிடித்துக்கொண்டார். கணவரை இழந்த பெண் எந்த நிறத்தை உடுக்கலாம் என்று முடிவு செய்கின்ற சமூகம், அவளிடம் ஒருபோதும் கேட்டதில்லை. பெட்டியின் படியைத் தீர்மானிப்போரும் பெரும்பாலும் அவளிடம் கேட்பதில்லை.

பியரில் இறங்கினோம். பழைய இறங்குதுறையின் எச்சங்களை அலை மோதிக்கொண்டிருந்தது. ஆச்சி அக்கரைத் திசையை வெகுநேரம் பார்த்து நின்றார். திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். பஸ்ஸின் முதற்படி கோச்சியின் படியைவிட உயரமாகத் தெரிந்தது.

சகோதரிகளே, இது புகையிரதத்துக்கு மட்டும் உரிய விடயமல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அவர்களது உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. எனவே நாம் கேட்பது சலுகையல்ல. உங்கள் ஊரில் பஸ் தரிப்பிடமோ, வைத்தியசாலைக் கட்டடமோ, சந்தையோ புதிதாக அமையப்போகிறது என்று அறிந்தால், கட்டி முடியும்வரை காத்திருக்காதீர்கள். மாதர் சங்கத்தில் பேசுங்கள். படி எவ்வளவு உயரம், பிடிக்கக் கம்பி உண்டா, வாசல் கண்ணுக்குத் தெரியுமா, இரவில் வெளிச்சம் இருக்குமா, பெயர்ப்பலகையில் தமிழ் பெரிதாக இருக்குமா என்று எழுத்தில் கேட்டு, பிரதேச செயலகத்தில் கொடுத்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆரையும் கேட்டுத்தான் செய்யிறவையோ?" என்ற தங்கையின் கேள்வி என்னிடம் இன்னும் இருக்கிறது. அவர்கள் கேட்காவிட்டால், நாமே போய்ச் சொல்ல வேண்டும்.