கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே

பாறைக்குப் பின்னும் மண்ணுக்கு முன்னும் பிறந்த குடி நம் குடி என்று மேடையில் ஒரு முறையேனும் முழங்காத தமிழாசிரியர் அரியர். புறப்பொருள் வெண்பாமாலை ஒரு மறக்குடியின் தொன்மையை உயர்வு நவிற்சியாகப் பாடியது. நாமோ அதைப் பிறப்புச் சான்றிதழாக ஆக்கிக்கொண்டோம். இருபது ஆண்டுக் காலம் நாமும் அவ்வாறே முழங்கினோம், கைத்தட்டலும் பெற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் திருமலைக்குச் சென்றபோது புவியியல் துறை நண்பர் ஒருவரும் உடன் வந்தார். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் கூறும் நல்லுலகின் வடவெல்லையாகக் குறிக்கும் வேங்கடம் இதுவே என்று வழியெல்லாம் நாம் விளக்கிக்கொண்டு வந்தோம். மலைப்பாதையின் ஒரு வளைவில் வண்டி ஊர்ந்தபோது அவர் பாறைச் சரிவைச் சுட்டினார். "ஐயா, நீங்கள் மேடையில் சொல்லும் கல்லும் மண்ணும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே எத்தனை ஆண்டு என்று சொல்லுங்கள்" என்றார்.

நம்மிடம் விடை இல்லை. பலமுறை ஏறி இறங்கிய பாதைதான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துப் பலகை நட்டிருக்கும் இடம். நாம் அதைப் பார்த்ததே இல்லை.

கீழே இருப்பது கிரானைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையது. அதன்மேல் அடுக்கடுக்காகக் கிடப்பது குவார்ட்சைட். பழைய நீர்நிலையொன்றில் படிந்த மணல் இறுகி இறுகிக் கல்லானது. மேலுள்ள இப்படிவுகள் திருப்பதி தொடங்கி வடக்கே கிருஷ்ணைக் கரை கடந்தும் பிறைவடிவில் பரந்து, சுமார் 44,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கின்றன. புவியியலார் இதனைக் கடப்பைப் படுகை என்பர். நம் வீட்டு அடுப்படி மேடையில் பதித்த கடப்பைக் கல்லும் இப்படுகை தந்ததே. ஆனால் படுகை முழுவதையும் தாங்கி அடியில் கிடக்கும் பழம்பாறையை நாம் எண்ணுவதில்லை. அடித்தளம் என்பது எண்ணப்படாமல் தாங்குவதுதான் போலும்.

இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு ஒரு விரற்கடை அகலமும் இராது. அதில் விடுபட்டுப்போன காலம் ஏறத்தாழ 80 கோடி ஆண்டு என்று அத்துறையினர் குறிக்கின்றனர். கல்லுக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட காலம் என்று நாம் சொன்னது இதுதான். அக்காலத்தில் குடியும் இல்லை, வாளும் இல்லை, புல்கூட இல்லை. உயிர் என்றிருந்தவை கண்ணுக்குப் புலப்படா நுண்ணுயிர்களே.

அவ்விடைவெளி வெறுமையானதும் அன்று. கிரானைட் மழையிலும் வெயிலிலும் கரைந்து தேய்ந்தது அப்போதுதான். உலகின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதும் கிரானைட் பிறந்ததற்குப் பின்னரே. இதனோடு பிணைந்தது யுரேனியத்தின் கதை. ஒரு டன் கிரானைட்டில் சராசரியாக மூன்று நான்கு கிராம் யுரேனியம் சிதறிக் கிடக்கும். ஆக்சிஜன் கலந்த நீர் அதைக் கரைத்துக் கொண்டுசெல்லும். ஆக்சிஜன் அற்ற இடத்தை அடைந்ததும் அங்கேயே இறக்கிவைத்துவிடும். பழம்பாறையும் புதுப்படிவும் சந்திக்கும் தளமும் அதை ஒட்டிய வெடிப்புகளும் அத்தகைய இடங்கள்.

திருமலைச் சரிவில் யுரேனியம் உண்டு என்று சொல்ல வரவில்லை. ஆனால் இதே படுகையின் வடபகுதியில், நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கத்தை அடுத்த லம்பாபூர், பெத்தகட்டுப் பகுதிகளில், மணற்படிவத்துக்குக் கீழே, அடித்தளக் கிரானைட்டின் மேல்முகத்தை ஒட்டியே யுரேனியம் கண்டறியப்பட்டது. தெற்கே தும்மலப்பள்ளியில் அது சுண்ணப் படிவத்தில் கிடைக்கிறது. அங்கே சுரங்கமும் ஆலையும் உள்ளன. நல்லமலைக் காட்டில் யுரேனியம் தேடும் முயற்சிக்கு எதிர்ப்பு வலுத்தபோது, அக்காட்டையே வாழ்விடமாகக் கொண்ட செஞ்சு மக்களின் குரலும் அதில் ஒலித்தது. அங்கே சுரங்கம் கூடாது என்று தெலங்கானா சட்டப்பேரவை 2019 செப்டம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது.

இதை நிலத்தவர் நியாயம் என்று மட்டும் எழுதிவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது. கல்பாக்கத்தில் 1980களில் இயங்கத் தொடங்கிய இரண்டு உலைகளும் இயற்கை யுரேனியத்தை எரிபொருளாகக் கொள்பவை. நாம் விடைத்தாள் திருத்திய இரவுகளில் எரிந்த விளக்கிலும் அதன் பங்கு இருந்திருக்கும். மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் துணிவு நமக்கு இல்லை. கணக்கை அறிந்துகொள்ளும் கடமையாவது உண்டு.

அக்கணக்கு இதுதான். யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டு வேண்டும். ஆகவே கிரானைட் பிறந்தபோது அதிலிருந்த யுரேனியம்-238இல் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் எஞ்சியிருக்கிறது. தாதுவிலிருந்து யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பிறகும் அதன் கதிரியக்கத்தில் பெரும்பகுதி கழிவோடு தங்கிவிடுகிறது. அக்கழிவிலுள்ள தோரியம்-230 பாதியாகக் குறையவே சுமார் 75,000 ஆண்டு செல்லும். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தைப் பேணிக் காப்பதற்கே நாம் பட்ட பாட்டை ஆசிரியர்கள் அறிவோம். எத்தனையோ நூல்கள் பெயரளவில் மட்டும் நிற்கின்றன. ஓலையையே காக்கத் தவறிய நாம் 75,000 ஆண்டுக்கு ஒரு குட்டையின் கரையைக் காப்போம் என்று உறுதி கூறுகிறோம்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருள் என்றார். நிலம் என்றால் ஐந்திணை, பொழுது என்றால் பெரும்பொழுதும் சிறுபொழுதும் என்று நாம் பட்டியலிட்டு முடித்துவிடுவோம். நிலமே பொழுதாகக் கெட்டிப்பட்டுக் கிடப்பதைத் திருமலைச் சரிவில்தான் கண்டோம்.

இப்போதும் மேடைகளுக்கு அழைக்கிறார்கள், போகிறோம். அந்தப் பழைய முழக்கத்தை மட்டும் விட்டுவிட்டோம். வகுப்பில் வேங்கடம் வரும்போது மாணவரிடம் நண்பர் கேட்ட கேள்வியையே கேட்கிறோம். விடை சொன்னதும் சிறிது நேரம் வகுப்பு பேசாமல் இருக்கும். பெரும்பாலும் யாராவது ஒரு மாணவி அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவாள்: "அப்படியென்றால் நாம் எப்போது வந்தோம், ஐயா?"

நேற்று என்கிறோம்.