திரும்பிச் சென்ற தீவினர்

தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் மத்தியில், மனித வாசமுள்ள மிக அண்மையான நிலமாகிய செயின்ட் ஹெலினாவிலிருந்தே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் டிரிஸ்டன் ட குன்ஹா தீவைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது. 1817-ஆம் ஆண்டில் வில்லியம் கிளாஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் தம்முள் எவரும் உயர்ந்தவரல்லர் என்று எழுதிக்கொண்ட உடன்படிக்கையின் வழிநின்று, உருளைக்கிழங்கு பயிரிட்டும் கடலில் சிங்கி இறால் பிடித்தும் ஜீவனம் நடத்திவந்த அச்சிறு சமூகம், 1961-இல் எரிமலை சீறியபோது இங்கிலாந்துக்குக் குடிபெயர நேர்ந்தது. அங்கே தொழிலும் நவீன வாழ்க்கையின் சௌகரியங்களும் கிடைத்திருந்தும், வாக்கெடுப்பில் மிகப் பெரும்பான்மையோர் தாயகத்தையே வேண்டி, 1963-இல் திரும்பிச் சென்றனர். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகத்தைத் தாங்கி நிற்கும் ஜீவசக்தி, பரஸ்பர சகாயமும் பிறந்த மண்ணின்மீது வைத்த பக்தியுமே என்று நான் திடமாக நம்புகிறேன்.