வெறுங்காலில் விளையாடிய ஸலீமும் விழித்திருக்கும் நம் பிள்ளைகளும்



அன்பிற்குரிய பெற்றோர்களே! ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என நம் பகுதியின் எந்த மதரஸாவிலும் ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்களின் வீரர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெயர்களும் சட்டை எண்களும் பிழையின்றி வந்து விழும். நள்ளிரவில் நடைபெறும் ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு, சுப்ஹுத் தொழுகைக்கு எழ இயலாத பிள்ளைகளும் உண்டு. "ஹஜ்ரத், இவனுக்குப் பந்துப் பைத்தியம் பிடித்திருக்கிறது, கொஞ்சம் கண்டித்து வையுங்கள்" என்று என்னிடம் முறையிடும் தந்தையர் பலர்.

விளையாட்டை அடியோடு வெறுக்க நம் மார்க்கம் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை நாம் அறிவோம். ஆகவே பந்தைப் பறிப்பதைவிட, அப்பிள்ளைகளின் மனத்தில் யார் குடியிருக்க வேண்டும் என்று சிந்திப்பதே மேல். அதற்காக நான் வகுப்பில் சொல்லிவரும் சில வீரர்களின் வரலாற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கல்கத்தாவில் 1891ஆம் ஆண்டு தோன்றியது முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம். 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக் போட்டியில் அதுவரை ஆங்கிலேய அணிகளே வென்று வந்தன. 1934இல் முதல் பிரிவுக்கு வந்த முகமதன் அணி, அந்த ஆண்டிலேயே பட்டத்தை வென்றது. லீக் பட்டம் பெற்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் அதன் வசமே இருந்தது. 1940இல் டெல்லியில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று டுராண்ட் கோப்பையையும் அது கைப்பற்றியது.

அந்த வெற்றிக்குப் பின்னால் வெறும் ஆவேசம் இருக்கவில்லை, அறிவும் இருந்தது. அக்காலத்தில் நம் நாட்டு வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினர். கல்கத்தா மழையில் சேறாகும் திடலில் வெறுங்கால் வழுக்கும். எனவே ஈர நாட்களில் எடை குறைந்த பூட்ஸ் அணிந்து ஆடக் கழகத்தார் தம் வீரர்களைப் பழக்கினர். தோல் பதனிட்டுக் காலணி தைக்கும் ஊர்க்காரர்களாகிய நமக்கு இந்தச் செய்தியின் அருமை தனியே சொல்லாமலே விளங்கும்.

பந்தாட்ட வித்தகர் எனப் புகழ்பெற்ற ஸையது அப்துஸ் ஸமத், நாற்பதை நெருங்கும் வயதில் இந்த அணியில் சேர்ந்தார். இளைஞர்களுடன் ஈடுகொடுத்து ஆடினார். 1964இல் அவர் மறைந்தபோது செல்வம் எதுவும் சேர்ந்திருக்கவில்லை, பெயர் மட்டும் நிலைத்தது.

பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கேட்பது முஹம்மது ஸலீமின் வரலாற்றைத்தான். கல்கத்தாவின் மட்டியாபுருஜில் பிறந்தவர் அவர். 1936இல் உறவினர் ஒருவரின் தூண்டுதலால் கடல் கடந்து ஸ்காட்லாந்து சென்று, கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்தில் வாய்ப்புக் கேட்டார். வெறுங்காலில் ஆடுபவர் என்றதும் மேலாளர் வில்லி மேலி வியந்தார், ஆயினும் ஆடிக்காட்ட அனுமதித்தார். பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி கீழே குனிந்து ஸலீமின் பாதங்களுக்குத் துணிக்கட்டுப் போடும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. கால்ஸ்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 7-1 என வென்றது. மறுநாள் பத்திரிகைகள் ஸலீமைக் கொண்டாடின.

இதைச் சொல்லும்போது ஒரு மாணவன், "ஹஜ்ரத், அவர் நம் ஊருக்கு வந்திருந்தால் எங்கள் அம்மியே அவருக்கு ஷூ தைத்துக் கொடுத்திருப்பார்" என்றான். அவனுடைய தாயார் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். தாயின் உழைப்பைப் பெருமையாகச் சொல்லும் அந்த வாய்ப்பு அவனுக்குக் கிடைத்ததே எனக்கு மகிழ்ச்சி.

ஸலீமின் மனம் ஊரையே நாடியது. அவரைத் தக்கவைக்க விரும்பிய கழகம், அவருக்காக ஓர் ஆட்டம் நடத்தி வருவாயில் ஒரு பங்கைத் தர முன்வந்தது. அத்தொகையை, ஆட்டம் காண வரும் யத்தீம் குழந்தைகளுக்கே கொடுத்துவிடும்படி ஸலீம் கூறினார் என்பது அவர் குடும்பத்தார் சொன்ன செய்தி. யத்தீமைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தம்முடன் இருப்பார் என்று இரு விரல்களைக் காட்டிய நபிமொழியை இவ்விடத்தில் நினைவூட்டுவேன். அந்நிய நாட்டில், வேற்றுச் சமயத்துப் பிள்ளைகளுக்காக அதை அவர் செய்தார். செல்டிக் கழகமும் 1887இல் ஏழைகளின் பசி தீர்க்க ஒரு கிறிஸ்தவத் துறவியால் தொடங்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்வேன். நன்மை எங்கிருந்தாலும் மதிக்கப் பிள்ளைகள் பழக வேண்டும்.

ஸலீமின் முதுமையில் அவர் மகன், தந்தையின் சிகிச்சைக்கு உதவி கேட்டுச் செல்டிக்கிற்கு எழுதினார். பணம் அவருக்கு நோக்கமன்று, தந்தையை அவர்கள் மறந்துவிட்டார்களா என்று அறியவே எழுதினார். 100 பவுண்டு வரைவோலை வந்தது. அதை அவர் மாற்றாமல் பத்திரப்படுத்திக்கொண்டார். 1980இல் ஸலீம் மறைந்தார்.

பெற்றோர்களே! இப்பிள்ளைகளுக்கு அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையில் திடலைக் கொடுங்கள், இஷாவுக்குப் பின் கைபேசியை வாங்கி வையுங்கள். உங்கள் மகன் கோல் அடித்த செய்தியோடு வீடு திரும்பினால், மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள். பிறகு, "இன்று கீழே விழுந்தவனைத் தூக்கிவிட்டாயா?" என்றும் கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு உடல்வலிமையையும், அதனினும் மேலாக ஈகையுள்ள இதயத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.